இறுக்குவதற்கு முன்: பழைய வாகனத்தில் பிரேக் பைப் இணைப்பு ஒழுகினால்

பிரேக் பைப் நட்டில் ஈரத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை ஸ்பேனருக்குத்தான் போகும். இன்னும் கால் சுற்று இறுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். சில நேரம் நிற்கவும் செய்யும். பல நேரம் அந்தக் கால் சுற்றில்தான் ஃப்ளேர் நசுங்குகிறது, அல்லது பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் மரை போகிறது. ஒரு முழம் பைப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இப்போது யாரும் தயாரிக்காத ஒரு சிலிண்டரைத் தேடி அலைவதில் போய் நிற்கும்.

இந்த இணைப்பில் ஆயிலைத் தடுப்பது மரை அல்ல. பைப்பின் நுனியை விரித்துச் செய்த ஃப்ளேர், எதிரே இருக்கும் சீட்டில் போய் அழுந்துகிறது. உலோகமும் உலோகமும் தொடும் அந்த மெல்லிய வளையம்தான் அடைப்பு. நட்டின் வேலை ஃப்ளேரை அழுத்திப் பிடித்திருப்பது மட்டுமே. மரை வழியாக ஆயில் வெளியே வருகிறது என்றால், உள்ளே ஃப்ளேர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயன் இல்லாமல் போவதும் இதனால்தான். அதைவிட மோசம், டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும்.

தொடங்கும் முன் சில விஷயம். ஒழுகும் வாகனத்தை, அடுத்த தெரு வரைக்கும்கூட, ஓட்ட வேண்டாம். பழைய வாகனங்களில் பலவற்றுக்கு ஒற்றைச் சுற்று பிரேக்தான், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. அமெரிக்காவிலேயே இரட்டைச் சுற்று கட்டாயமானது 1968இல். ஒற்றைச் சுற்றில் ஒரு இணைப்பு விட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து போகும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். ஓங்கி மிதிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் 100 பார் வரை ஏறும், தாண்டவும் செய்யும். நின்ற இடத்தில் லேசாகக் கசியும் இணைப்பு, அவசரத்தில் மிதிக்கும்போதும் அப்படியே லேசாகக் கசியும் என்று நம்பக் கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்டு வையுங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. சாதாரண பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பட்டவுடன் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும்.

அறிகுறி: ஈரம் இருக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

மற்ற எல்லாப் பகுதியையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். ஆயில் பைப்பைப் பிடித்துக்கொண்டே வழிந்து, வளைவின் தாழ்ந்த இடத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடம் குற்றவாளி அல்ல. ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளி எது என்று மேல்நோக்கித் தேட வேண்டும்.

முதலில் அது பிரேக் ஆயில்தானா? பின்சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கவும் கூடும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். டாட் 3, டாட் 4 வகை கிளைக்கால் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஆயில் மிதக்கும். அதன் கந்தக வாடையும் காட்டிக்கொடுக்கும். டாட் 5 சிலிக்கான் ஊற்றிய வண்டியில் இந்தச் சோதனை ஏமாற்றும், அது தண்ணீரில் கலக்காது. புதிதில் அதற்கு ஊதா நிறம் இருக்கும். இன்னொன்று: கிளைக்கால் ஊற்றியபோது காய்ந்திருந்த இணைப்புகள் சிலிக்கானுக்கு மாறியதும் மெல்லக் கசிவது உண்டு. பெயரளவில் தாங்கிக்கொண்டிருந்த ஃப்ளேர்கள் அப்போது வெளிச்சத்துக்கு வரும்.

சந்தேகப்படும் பகுதி முழுவதையும் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். ஒவ்வொரு நட்டையும் சுற்றி வெள்ளை டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். எட்டாத இடத்தில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கட்டும். முதலில் மெதுவான மிதி, பிறகு நல்ல பலத்தோடு. விரிசல் விட்ட பைப் பெரும்பாலும் பலமான மிதியில்தான் காட்டும். சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் சில சமயம் நேர் எதிர். அழுத்தம் குறைவாக இருக்கும்போது ஒழுகும், ஓங்கி மிதித்தால் உதடு விரிந்து தானே அடைத்துக்கொள்ளும்.

டிஷ்யூ எதுவும் நனையவில்லை, ஆனால் தொட்டியில் அளவு குறைகிறது என்றால் பைப்பை விட்டுவிட்டு இந்த மூன்று இடங்களைப் பாருங்கள். டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் தூசிக் கவசத்தை லேசாகத் தூக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் பெடல் தண்டு நனைந்திருக்கிறதா பாருங்கள். வேக்கம் சர்வோ (என்ஜின் உறிஞ்சலால் பெடலுக்குப் பலம் கூட்டும் அமைப்பு) இருந்தால் அதற்குள் ஆயில் இறங்கியிருக்கிறதா பாருங்கள். என்ஜின் அதை உறிஞ்சி வெள்ளைப் புகையாக விட்டுக்கொண்டிருக்கும், தரையில் ஒரு துளியும் விழாது. பழைய வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்சும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் வேலை செய்வதுதான். அது மரையில் ஒழுகாமல் மின்கம்பி முனைகளின் வழியாக ஒழுகும். இணைப்பு ஒழுகுகிறது என்று நினைத்துப் பைப்பை மாற்றிய பலருக்கு உண்மையான குற்றவாளி இந்தச் சுவிட்ச்.

அறிகுறி: புதுப் பைப், போட்ட உடனே கசிகிறது

புது ஃப்ளேரும் பழைய சீட்டும் ஒன்றையொன்று பார்ப்பது இதுவே முதல்முறை. நட்டைத் தளர்த்தி, பைப்பை விரலால் அசைத்து நேராக உட்காரவைத்து, மறுபடி இறுக்குங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தளர்த்தி இறுக்கினாலே பெரும்பாலான சின்னக் கசிவுகள் நின்றுபோகும். கடினமான ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு இது இன்னும் அவசியம். இறுக்கத்தின் அளவு வாகனத்தின் கையேட்டில் இருக்கும்; 3/16 அங்குலப் பைப்புக்கு அது பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டருக்குக் கீழேதான். குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் போதும். முழங்கை வேலை செய்யத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? கழற்றி, ஃப்ளேரை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சீட் அழுந்திய தடம் ஃப்ளேரில் ஒரு முழு வளையமாக, ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்.

தடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பைப் கோணலாக நுழைந்திருக்கிறது. நட்டுக்குப் பின்னால் வளைவு மிக அருகில் தொடங்கியிருக்கும். நுனியில் கொஞ்சம் நேர்ப்பகுதி இல்லாவிட்டால் ஃப்ளேர் நேராகப் போகாது. நட்டைப் பிடித்து இழுத்துப் பைப்பைப் பொருத்துவது தவறு. பைப்பை வளைத்து அது தானாகவே துளைக்கு நேரே நிற்கும்படி செய்துவிட்டுத்தான் நட்டைத் தொட வேண்டும்.

தடம் எங்குமே இல்லை என்றால், நட் ஃப்ளேரை அழுத்தவே இல்லை. மரைப்பகுதி நீளமான நட், துளையின் அடியிலோ தோள்பட்டையிலோ முட்டி நின்றிருக்கும். உங்கள் கைக்கு நன்றாக இறுகிய உணர்வு கிடைக்கும், ஆனால் ஃப்ளேர் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். நட் இறுகிய பிறகும் பைப்பை விரலால் சுழற்ற முடிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். பழைய நட்டையும் புது நட்டையும் பக்கத்தில் வைத்து மரை நீளத்தை ஒப்பிடுங்கள்.

தடம் மெல்லிய கோடாக, விளிம்பில் மட்டும் இருந்தால் ஃப்ளேர் வகை மாறியிருக்கிறது. பிரேக்கில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, 45 டிகிரியில் உட்புறம் மடித்த இரட்டை ஃப்ளேர். முன்னால் இருந்து பார்த்தால் புனல். மற்றது குமிழ் ஃப்ளேர். நுனி வெளியே உருண்டு நிற்கும். புனல், கூம்பாக எழுந்து நிற்கும் சீட்டில் உட்காரும். குமிழ், குழிந்த சீட்டில் உட்காரும். ஒன்றின் இடத்தில் மற்றது ஒருநாளும் அடைக்காது. இறுக்க இறுக்க இரண்டும் கெடும். பழைய பிரிட்டிஷ் வாகனங்கள் பலவற்றில் ஒரே பைப்பின் ஒரு முனை குமிழாகவும் மறுமுனை புனலாகவும் இருக்கும். ஆண் நட் (வெளியே மரை உள்ளது) வரும் முனைக்குக் குமிழ், பெண் நட் (உள்ளே மரை உள்ளது) வரும் முனைக்குப் புனல். கழற்றிய பழைய பைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு நினைவை வைத்துப் புதியது செய்யாதீர்கள். ஒற்றை மடிப்பாக விரித்த 45 டிகிரி ஃப்ளேர் எரிபொருள் பைப்புக்குச் சரி, பிரேக்குக்கு ஆகாது; விளிம்பு விரிசல் விடும்.

பிறகு மரை. 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்பது ஒரு நட். 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி என்பது இன்னொரு நட். கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: 3/8 என்பது 9.525 மி.மீ., அதன் மரை இடைவெளி 1.058 மி.மீ. அங்குல நட் மெட்ரிக் துளைக்குள் விரலாலேயே போகும், கொஞ்சம் லொடலொடப்பாக இருக்கும், இறுக்கினால் ஓரளவு பிடிக்கவும் பிடிக்கும். பிறகு அழுத்தம் ஏறும்போது உருவிக்கொள்ளும். மெட்ரிக் நட் அங்குலத் துளையில் ஓரிரு சுற்றிலேயே முரண்டு பிடிக்கும். அங்கே பலம் காட்டினால் மரை போச்சு. யாரோ எப்போதோ வேறு மாடல் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தியிருந்தால் இந்தக் குழப்பம் நிச்சயம் காத்திருக்கும். நல்ல மரை என்றால் முதல் நான்கைந்து சுற்று விரலால், ஆட்டமில்லாமல் போக வேண்டும். மரை அளவி வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

ஃப்ளேரிலேயே விரிசல், பிசிறு, ஒருபக்கச் சாய்வு தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ரம்பத்தால் அறுக்காமல் பைப் கட்டரால் வெட்டுங்கள். ஒரே தடவையில் அழுத்தாமல் மெல்ல மெல்லச் சுற்றி இறக்குங்கள். உள்விளிம்புப் பிசிறைச் சுரண்டி, வெளிவிளிம்பை அரத்தால் லேசாகச் சரித்து, தூளை ஊதி வெளியேற்றுங்கள். நட்டை முதலில் பைப்பில் ஏற்றுங்கள், சரியான பக்கம் பார்த்து. சிரிக்காதீர்கள், அழகான ஃப்ளேர் ஒன்றைச் செய்து முடித்த பிறகு நட் மேசையில் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் இல்லை. ஃப்ளேர் செய்யும் கருவியில் பைப் எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதை அதோடு வரும் அடாப்டரின் படியை வைத்தே அளந்துகொள்ளுங்கள், நுனியில் ஒரு துளி பிரேக் ஆயில் தடவுங்கள், கவ்வியை இறுக்கமாகப் பூட்டுங்கள். பைப் கவ்வியில் வழுக்கினால்தான் ஃப்ளேர் ஒருபக்கம் சாய்கிறது. மீதித் துண்டில் இரண்டு மூன்று செய்து பார்த்துவிட்டு உண்மையான பைப்பில் கைவைப்பது நல்லது.

பைப் வாங்கும்போது என் பரிந்துரை காப்பர்–நிக்கல் கலப்புப் பைப். எளிதாக வளையும், ஃப்ளேர் நன்றாக வரும், துரு பிடிக்காது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். சில நாடுகளில் அதற்கு அனுமதியும் இல்லை. பூச்சுள்ள எஃகுப் பைப் முழுக்கச் சரி, கைக்கு மட்டும் கொஞ்சம் கடினம். தண்ணீர்க் குழாய்க்கு வரும் நெரிவளைய இணைப்பை வைத்துப் பைப்பை நடுவில் ஒட்டுப்போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அறிகுறி: பல வருடம் காய்ந்திருந்தது, இப்போது கசிகிறது

இங்கே இறுக்குவதில் நம்பிக்கை வைக்காதீர்கள். நட் தானாகத் தளர்வது அரிது. நட்டுக்குப் பின்னால் ஈரம் தேங்கிப் பைப் துருவேறி அரித்திருக்கும், அல்லது ஃப்ளேரின் கழுத்தில் அதிர்வால் விரிசல் விழுந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து புதுப் பைப். விரிசல் என்றால், பைப்பைப் பிடித்திருந்த கிளிப் விழுந்துவிட்டதா என்று கூடவே பாருங்கள்; அதைக் கவனிக்காமல் பைப்பை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் விரியும். மாஸ்டர் சிலிண்டருக்கு அருகே தொழிற்சாலையில் போட்ட சுருள்வளைவு இருந்தால் அதை நேராக்கி அழகுபடுத்த வேண்டாம், அது அதிர்வை வாங்கிக்கொள்ள வைத்தது. ஒரு பைப் துருவால் போயிருந்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

அறிகுறி: நட் திரும்பும்போது பைப்பும் சேர்ந்து முறுகுகிறது

துருவால் நட் பைப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். சாதாரண இருவாய் ஸ்பேனர் இந்த மெல்லிய நட்டின் மூலைகளை வழித்துவிடும். பைப் நுழைய வாய் வெட்டிய ரிங் ஸ்பேனரை, ஃப்ளேர் நட்டுக்கென்றே வருவதை, பயன்படுத்துங்கள். தளர்த்துவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கினால் துரு உடையும், பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

எப்படியும் பைப்பை மாற்றப் போகிறீர்கள் என்றால் மல்லுக்கட்டுவானேன்? பைப்பை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு, ஆறுமூலை சாக்கெட்டை முழுதாக மாட்டிக் கழற்றுங்கள். சூடு காட்டுவது கடைசி வழி. ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் பக்கத்தில் தீ வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் அடித்த இடத்தில் சூடு காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அந்த வகைக் கிளீனர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

அறிகுறி: நட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மரை போய்விட்டது. நட்டில் போயிருந்தால் அதிர்ஷ்டம், புது நட்டோடு முடிந்தது. சிலிண்டரின் துளையில் போயிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றுவதுதான் வழி. பசை, மரைச்சுருள் என்று யோசனைகள் வரும். பிரேக்கில் நான் அவற்றைத் தொட மாட்டேன்.

மரை நன்றாக இருந்து சீட் மட்டும் கீறியிருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அமெரிக்க வாகனங்கள் பலவற்றில் சீட் என்பது தனியாக அடித்துப் பொருத்திய பித்தளைத் துண்டு. அதன் துளையில் ஒரு ஸ்க்ரூவை முறுக்கி வெளியே இழுத்துவிட்டுப் புதியதைத் தட்டி இறக்கலாம். உடலோடு சேர்ந்த சீட்டைத் துளைக்கருவியால் தேய்த்துச் சமப்படுத்தும் முயற்சி அநேகமாகக் கோணலில் முடியும்.

அறிகுறி: ஹோஸ் முனையில் அல்லது பான்ஜோ போல்ட்டில் கசிவு

பான்ஜோ என்பது ஆயில் போக உள்ளே துளையிட்ட போல்ட். அதிலும் வாஷர் முனை உள்ள ஹோஸிலும் ஃப்ளேர் கிடையாது, அடைப்பது செம்பு வாஷர். பான்ஜோவுக்கு இரண்டு: தலைக்குக் கீழே ஒன்று, மறுபக்கம் ஒன்று. ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிப்போகும், அடுத்த முறை நெகிழாது. ஒவ்வொரு முறையும் புதியதே போடுங்கள். கிடைக்காத அவசரத்தில் பழையதை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். கருகலைத் தேய்த்து வழவழப்பாக்கிப் போடுங்கள். வாஷரை மாற்றியும் நிற்கவில்லை என்றால் அது உட்காரும் முகத்தில் பழைய வாஷரின் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள்.

ஃப்ளேர் முனை உள்ள ஹோஸுக்கு வாஷர் போடுவதும், வாஷர் முனை உள்ள ஹோஸை வாஷர் இல்லாமல் இறுக்குவதும் அடிக்கடி நடக்கிற குளறுபடிகள். பைப்பைக் கழற்றும்போது ஹோஸ் பக்கத்து அறுகோணத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் ஹோஸ் முறுகி உள்ளே கிழியும்.

அறிகுறி: ஒழுகல் நின்றது, பெடல் மட்டும் பஞ்சாக இருக்கிறது

காற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி. பெடலை அடிவரை ஓங்கி மிதிக்க வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் இதுவரை போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழிந்துவிடும், ஒரு ஒழுகலைச் சரிசெய்து இன்னொன்றை உண்டாக்கிய கதையாகும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். சீல் திறந்து நெடுநாள் ஆன ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்: டாட் 4 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரிதான். எனவே புதுப் பாட்டில். கனிம எண்ணெயில் ஓடும் பழைய சிட்ரோயன் போன்றவற்றில் பிரேக் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள், எல்லா ரப்பரும் கெடும். தலைகீழாக மாற்றி ஊற்றினாலும் அதே கதி.

எவ்வளவு எடுத்தும் காற்று தீரவில்லை என்றால், காற்றை வெளியே விடும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் காலிப்பரை இடது வலது மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் அடியில் வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும்.

பிறகு என்ஜினை ஓடவிட்டு, பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ இன்னும் விடுகிறது. வெளியே எல்லாம் காய்ந்திருந்தும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் கப்பைத் திறக்க வேண்டும். இறங்காமல் நின்றால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, சில முறை அழுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, தொட்ட ஒவ்வொரு நட்டிலும் புது டிஷ்யூ ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலையும், முதல் வாரம் ஓடிய பிறகும் அதே சோதனை. அப்போதும் ஒரே நட்டில் ஈரம் வந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பைப் கட்டரை எடுங்கள்.